எல்லாப் பக்கத்திலும் ஒரு மாமா

மருமகன் மாமாவுக்கு எண்பதாயிரம் கடன். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, நடுவில் ஆள் கிடையாது. அக்கா மகன் என்று நம்பி, டயர் கடைக் கல்லாவிலிருந்து மாமா எடுத்துக் கொடுத்த ரொக்கம். வாங்கியவன் பெரிய பார்சல் கம்பெனியில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கொடுத்தவர் லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். யார் யாரிடம் போய்க் கெஞ்ச வேண்டியிருந்தது என்று பார்த்தாலே உலகம் எந்த லட்சணத்தில் ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

டயர்க்காரர் படித்தது மூன்றாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. போட்ட சட்டையோடு இந்த நகரத்துக்கு வந்து, ஒரு கடை வாசலில் டயர் உருட்டினார். பிறகு அந்தக் கடையையே விலைக்கு வாங்கினார். வீடு கட்டினார், மேலே மாடியும் எடுத்தார். நெடுஞ்சாலையில் லாரிக்காரன் எவனுக்குப் பஞ்சர் ஆனாலும் வாயில் முதலில் வருவது அவர் பெயர்தான். இதெல்லாம் அவரே சொல்லுவார். கேட்காதவனையும் உட்காரவைத்துச் சொல்லுவார். சொல்லாமல் என்ன? எவன் தயவும் இல்லாமல் நிமிர்ந்த மனுஷன் தன் வாயால் தன்னைச் சொல்லிக்கொள்ளக் கூடாதா?

மருமகன் கதை வேறு. பிறந்ததிலிருந்து சொந்தமாக ஒரு துரும்பை நகர்த்தியவன் இல்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே விடுப்பு விண்ணப்பத்தைக் கட்டுக்கட்டாக எழுதி வைத்திருப்பான். காரணம் எழுதுகிற இடம் மட்டும் காலி. காய்ச்சலுக்கும் அதே, கல்யாணத்துக்கும் அதே. வகுப்பில் பாதிப் பேர் அவனிடம்தான் வாங்கிப் போனார்கள். ஒரு தடவை தன் விண்ணப்பத்திலேயே காரணத்தை நிரப்ப மறந்து நீட்டிவிட்டான். வாத்தியார் அந்தக் காலி இடத்தில் சிவப்பு மையால் ‘சோம்பல்’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். அவன் அம்மாவுக்கு, அதாவது டயர்க்காரரின் அக்காவுக்கு, படிப்பு தம்பி அளவுகூட இல்லை. “பாரு தம்பி, என் புள்ளைக்கு வாத்தியாரே கைப்பட எழுதித் தர்றாரு” என்று தெருவெல்லாம் காட்டினாள்.

அவன் அப்பா செத்தபோதும் அப்படித்தான். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அத்தனை பேரிடமும், “நேரம் ஒதுக்கி வந்ததுக்கு நன்றி” என்றான். பாடையைத் தூக்க வந்த நாலு பேரிடமும் அதையே சொன்னான். அன்றைக்கே டயர்க்காரர் அவனுக்குப் ‘பொட்டலம்’ என்று பெயர் வைத்துவிட்டார். எல்லாம் முன்கூட்டியே கட்டி வைத்த பொட்டலம். ஆள் வந்தால் எடுத்து நீட்ட வேண்டியதுதான்.

கல்லூரி முடித்தும் வேலை கிடைக்காமல் சுற்றினான். கம்பெனிகளுக்கு உள்ளே இருக்கிற வலைப்பக்கம் கட்டுகிற படிப்பு ஒன்று இருக்கிறது, படித்தால் வேலை நிச்சயம், கட்டணம் எண்பதாயிரம் என்று வந்து நின்றான். “முதல் சம்பளத்துலேர்ந்து குடுத்துடறேன் மாமா. அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க, என் தம்பிகிட்ட கை நீட்டினியான்னு அழுவாங்க.” டயர்க்காரர் கொடுத்தார். அக்காவிடம் மூச்சுவிடவில்லை.

வேலை கிடைத்தது. சம்பளம் வந்தது. பணம் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனார். கூடத்தில் புதிதாக ஒரு சோபா. கூடம் எங்கே முடிகிறது, சோபா எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாத அளவுக்கு இருந்தது. “துண்டு துண்டா இருக்கும் மாமா. எப்படி வேணா சேர்த்துக்கலாம். ‘ட’ மாதிரி போடலாம், நேராப் போடலாம், தனித்தனியாவும் போடலாம்” என்றான் பொட்டலம். டயர்க்காரர் உட்கார்ந்தார். அடியில் இரண்டு துண்டு விலகி, நடுவில் அவர் இறங்கினார்.

கையைப் பிடித்துத் தூக்கிவிட்ட அக்கா, “மாமாவுக்கு உன் வேலையக் காட்டுடா” என்றாள் பெருமையோடு. அவன் மடிக்கணினியைத் திறந்தான்.

“இது எங்க கம்பெனியோட உள்வலை மாமா. வெளியாள் பார்க்க முடியாது. எங்க ஆளுங்க மட்டும் போன்ல பார்ப்பாங்க. லீவு, சம்பளம், எந்த டிரைவருக்கு எந்த வண்டி, கேன்டீன் நேரம், எல்லாம் இதுலதான்.”

“இதெல்லாம் நீ எழுதுனதா?”

“எழுத மாட்டேன் மாமா. பிளாக் வச்சிருக்கேன். தலைப்புக்கு ஒரு பிளாக், படத்துக்கு ஒரு பிளாக், போன் நம்பருக்கு ஒண்ணு, கேள்வி பதிலுக்கு ஒண்ணு. இழுத்து இழுத்து வச்சா பக்கம் ரெடி.”

“அப்ப நீ என்ன பண்றே?”

“இழுத்து வைக்கிறேன்.”

“இதுக்கா எண்…” என்று வாய்வரை வந்துவிட்டது. அக்கா பக்கத்தில் நின்றாள். டயர்க்காரர் மிச்சத்தை விழுங்கிக்கொண்டு, “இதுக்கா இவ்வளவு படிச்சே?” என்றார்.

அவனுக்குச் சுருக்கென்றது. “நீங்களும் ஒட்டுதானே போடறீங்க மாமா? ரப்பர வெட்டி ஒட்டுறீங்க. நான் பிளாக்க எடுத்து ஒட்டறேன்.”

“என் ஒட்டு பத்து டன் லோடுக்கு அடியில நிக்குதுடா. உன் ஒட்டு எதுக்கு அடியில நிக்குது?”

பொட்டலம் பேச்சை மாற்ற, திரையின் அடிப்பகுதியைக் காட்டினான். சாம்பல் நிறக் கட்டத்துக்குள் ரெண்டு வரி. ‘தங்கள் கோரிக்கை பெறப்பட்டது. தங்கள் பொறுமைக்கு நன்றி.’

“இது பொது பிளாக் மாமா. எல்லாப் பக்கத்துக்கும் அடியில இதான் இருக்கும். ஒரே எடத்துல மாத்தினா எல்லாப் பக்கத்துலயும் தானா மாறிடும். நம்ம பக்கத்துக்கு மட்டும் வேணும்னா, காப்பி எடுத்துட்டுத்தான் கைவைக்கணும். அதுதான் இதுல சூட்சுமம்.”

டயர்க்காரர் எழுத்துக்கூட்டிப் படித்தார். “அதாவது, எவன் என்ன கேட்டாலும் உடனே கிடைக்காதுன்னு எல்லாப் பக்கத்துலயும் ஒட்டி வச்சிருக்கே.”

“அப்படி இல்ல மாமா…”

“வேற எப்படி?”

அந்த ரெண்டு வரியை டயர்க்காரர் ஏற்கெனவே எங்கேயோ பார்த்திருக்கிறார். வீட்டுக்குப் போய்த் தன் போனை எடுத்துப் பார்த்தபோது விளங்கியது. பணம் கேட்டு அவர் குரல் பதிவு அனுப்பும்போதெல்லாம் மருமகன் எழுதி அனுப்புகிற பதில் இதேதான். நடுவில் ‘அடுத்த மாதம்’ என்று மட்டும் செருகியிருப்பான். பெற்ற தாயின் தம்பிக்கும் கேன்டீன் பக்கத்துக்கும் ஒரே பொட்டலம்.

அப்போதும் அவர் அடக்கிக்கொண்டார். அக்காவுக்காக என்று சொல்லிக்கொண்டார். உள்ளே இன்னொரு காரணமும் இருந்தது. கடைக்கு வருகிற லாரிக்காரர்களிடம் மருமகனைப் பற்றி வாய் கிழியப் பேசியிருந்தார். “உங்க கம்பெனியக் கட்டி மேய்க்கிறதே என் மருமகன்தான்யா. அவன் ஒரு தட்டுத் தட்டினா உங்க அத்தனை பேர் போன்லயும் மாறும்” என்பார். பார்சல் கம்பெனி டிரைவர்கள் அதற்காகவே அவரிடம் மரியாதையாகக் காற்றடித்துக்கொண்டார்கள். அந்த மருமகன் எண்பதாயிரத்துக்குத் தண்ணி காட்டுகிறான் என்று தெரிந்தால் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அந்த நேரம் பார்த்துக் கம்ப்ரசர் படுத்துவிட்டது. டயர் கடைக்கு அதுதான் உயிர். பழுது பார்க்க வந்தவன் திறந்து பார்த்துவிட்டு, புதுசு வாங்கிவிடுங்கள் என்று மூடினான். கையிருப்பெல்லாம் மாடி கட்டியதில் சுவரேறியிருந்தது. அடுத்தவனிடம் கடன் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன். எதிர்க்கடைக்காரனிடம் போய்க் குழாயை இழுத்து வந்து, டயருக்கு இவ்வளவு என்று அவனிடம் காசு கொடுத்துக் காற்றடித்தார். தன்னிடம் வேலை கற்றுக்கொண்டு எதிரே கடை போட்டவன் அவன். ஒவ்வொரு தடவையும், “எடுத்துக்குங்கண்ணே, எடுத்துக்குங்க” என்பான். அதில் இருந்த தாராளம் அவரைக் கொதிக்க வைத்தது. கொஞ்ச நாளில் லாரிகள் நேராக அங்கேயே போய் நின்றன.

டயர்க்காரர் போனை வாய்க்குக் கிட்டே வைத்துப் பேசி அனுப்பினார். “டேய் பொட்டலம். கம்ப்ரசர் போச்சு. கடை காத்தாடுது. இந்த வாரம் பணம் வரலைன்னா உங்க அம்மா முன்னால வந்து உக்காந்துடுவேன். நன்றி கின்றின்னு எழுதினே, தொலைச்சிடுவேன்.”

மறுநாள் முற்பகலில் மீசை டிரைவர் வந்தார். பார்சல் கம்பெனியில் பழைய ஆள், இன்னும் எதிர்க்கடைக்குத் தாவாத ஒரு சிலரில் ஒருவர். வண்டியை ஓரம் கட்டிவிட்டு, போனைப் பார்த்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டே இறங்கினார்.

“அண்ணே, எங்க கம்பெனி போன்ல இன்னிக்கு ஒரு கூத்து. ரூட் பார்க்கலாம்னு திறந்தா அடியில எவனோ புலம்பி வச்சிருக்கான். லீவு பக்கத்துலயும் அதே. சம்பளப் பக்கத்துலயும் அதே. தீ புடிச்சா எந்த வழியா ஓடணும்னு ஒரு பக்கம் இருக்கு, அதுலயும் இதே புலம்பல்.”

“படிய்யா, கேப்போம்.” டயர்க்காரர் நட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னார். சிரித்து நாளாகியிருந்தது.

மீசை தொண்டையைச் செருமிக்கொண்டார். “‘தங்கள் கோரிக்கை பெறப்பட்டது. மாமா, சத்தியமா அடுத்த மாசம் எண்பதாயிரத்தையும் குடுத்துடறேன்.’”

“மாமாவா? எண்பதாயிரமா?” டயர்க்காரர் வாய்விட்டுச் சிரித்தார். “குடுத்திருக்கான் பாரு, சரியான ஏமாந்த சோணகிரி! இவனுங்களுக்கெல்லாம் பணம் எங்கேர்ந்துதான் வருதோ!”

“இன்னும் இருக்குண்ணே. ‘சோபா தவணை இப்பதான் முடிஞ்சுது.’”

கழற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

“‘கம்ப்ரசரை எப்படியாவது சமாளிச்சுக்குங்க. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தங்கள் பொறுமைக்கு நன்றி.’”

மீசைக்குச் சிரிப்பு பாதியில் அறுந்தது. அவர் கண் மெதுவாக மூலைக்குப் போனது. அங்கே கம்ப்ரசர் சாக்கு போர்த்திக் கிடந்தது. அதைப் பார்த்தார், டயர்க்காரரைப் பார்த்தார், போனை அணைத்துப் பைக்குள் போட்டார்.

“அண்ணே… உங்க மருமகன் அங்கதானே…”

“வண்டிய எதிர்க்கடைக்கு எடுத்துட்டுப் போய்யா. எனக்கு வேலை இருக்கு.”

கல்லாப் பெட்டியில் கிடந்த போனை எடுத்துப் பார்த்தார். அதே வரிகள் அவருக்கும் காலையிலேயே வந்து கிடந்தன. சட்டையைக்கூட மாற்றவில்லை. கிரீஸ் கையோடு ஆட்டோ பிடித்தார்.

பார்சல் கம்பெனி ஆபீஸ் முழுக்கக் கண்ணாடி. உள்ளே இருப்பவன் வேலை செய்கிறானா என்று வெளியிலிருந்தே பார்க்கலாம். பார்த்தவரை யாரும் செய்யவில்லை. மூலைக்கு மூலை பிளாஸ்டிக் செடி. அதற்குப் பக்கத்தில் தண்ணீர் விடும் குவளை வேறு. சுவரில் ஆள் உயரத்துக்கு எழுத்து. டயர்க்காரர் எழுத்துக்கூட்டிப் படித்தார். ‘நாம் அனைவரும் ஒரே குடும்பம்.’ இருந்துவிட்டுப் போகட்டும், எண்பதாயிரத்தை யாராவது ஒருத்தர் கொடுத்தால் சரி என்று நினைத்துக்கொண்டார்.

பொட்டலம் ஓடி வந்தான். மூஞ்சியில் ஈயாடவில்லை. அவரை இழுத்துக்கொண்டு ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

“மாமா, மெதுவாப் பேசுங்க. எப்பவும் அந்த பிளாக்க காப்பி எடுத்துத்தான் உங்களுக்கு எழுதுவேன். அது கையோட பழகிப்போச்சு. நேத்து நீங்க பேசி அனுப்புனதக் காலையிலதான் கேட்டேன். கேட்டதும் பதறிப்போய்… காப்பி எடுக்காம அதுலயே அடிச்சிட்டேன். சேமின்னு அமுக்கிட்டேன்.”

“எல்லாப் பக்கத்துலயுமா?”

“எல்லாப் பக்கத்துலயும்.”

“அழிச்சித் தொலைக்க வேண்டியதுதானே?”

“அழிச்சிட்டேன் மாமா. ஆனா அதுக்குள்ள எல்லாரும் படம் புடிச்சிட்டாங்க. மேலாளர் கூப்பிட்டுக் கேட்டாங்க. சும்மா மாதிரிக்குப் போட்ட வாசகம்னு சொல்லியிருக்கேன். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க. என் வேலையே போயிடும்.”

பதில் சொல்லுமுன் கதவு திறந்தது. மேலாளர் அம்மா. நரைத்த தலை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. டயர்க்காரரை மேலும் கீழும் பார்த்தார். சட்டைக் கிரீஸைப் பார்த்தார்.

“நீங்கதான் அந்த மாமாவா?”

டயர்க்காரர் மருமகனைப் பார்த்தார். அவன் கை கூப்பாத குறை. இவன் வேலை போனால் எண்பதாயிரமும் போச்சு. இருந்தால் மட்டும் வந்துவிடுமா? எந்தப் பக்கம் திரும்பினாலும் பணம் இந்தப் பயலுக்குள்தான் புதைந்து கிடந்தது.

“மாதிரி மாமா அம்மா நான்” என்றார். “மாதிரிக் கடன், மாதிரி எண்பதாயிரம். புள்ள சும்மா எழுதிப் பார்த்திருக்கான். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். அந்த மாதிரி மாமாவுக்குப் பணம் எப்ப வரும்னும் அவனையே எழுதச் சொல்லுங்க.”

மேலாளர் அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். சிரிப்பு வாயோரத்தில் வந்து நின்றது.

“பெரியவரே, இவர் கட்டின பக்கத்த இதுவரைக்கும் ஒருத்தர்கூட அடிவரைக்கும் படிச்சதில்ல. எங்ககிட்டக் கணக்கு இருக்கு. இன்னிக்குத்தான் கம்பெனி மொத்தமும் படிச்சிருக்கு. காலையிலேர்ந்து அத்தனை பேரும் கேக்கறது நீங்க கேட்டதேதான்.” பொட்டலத்தின் பக்கம் திரும்பினார். “வேலையெல்லாம் போகாது. ஆனா மாமாவுக்குப் பணம் போய்ச் சேர்ந்துச்சான்னு எனக்கும் தெரியணும். என்ன, மாதிரிதானே? சீக்கிரம் முடிச்சிடுங்க.”

அந்த அம்மா போய்விட்டார். பொட்டலம், “காப்பாத்திட்டீங்க மாமா” என்று மூச்சு விட்டான்.

“உன்னைக் காப்பாத்த வரலடா. பணம் வாங்க வந்தேன்.”

அதற்குப் பிறகு அவர் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. டிரைவர்கள் பார்த்துக்கொண்டார்கள். கேன்டீனில் பொட்டலம் தட்டைத் தூக்கினால், “மாமாவுக்குக் குடுத்தாச்சா?” என்று ஒரு குரல். மாடிப்படி ஏறினால், “கம்ப்ரசர் எப்படி இருக்கு?” என்று இன்னொரு குரல். விடுப்பு கேட்டுக் கிடைக்காதவன்கூட, “சரி மாமா, அடுத்த மாசம்” என்று சொல்லிவிட்டுப் போனான். இந்தப் பக்கம் டயர் கடைக்கும் கூட்டம் வந்தது. பாதி டயருக்கு, பாதி விசாரிப்புக்கு. எதிர்க்கடைக்காரன்கூட வந்து, “அண்ணே, குழாய்க்குக் காசு வேணாம். அடுத்த மாசம் குடுங்க” என்றான். டயர்க்காரர் ஜாக்கிக் கம்பியைக் கையில் எடுத்தார். அவன் சாலையைத் தாண்டிவிட்டான்.

பொட்டலம் அப்போதும் அசைந்திருக்க மாட்டான். கேலியெல்லாம் அவனுக்கு உறைக்கிற சமாச்சாரம் இல்லை. அவனை அசைத்தது அக்கா. பக்கத்து வீட்டுப் பெண்ணின் மகன் அதே கம்பெனியில் பெட்டி அடுக்குகிறவன். அவன் போனில் இருந்த படத்தை அந்தப் பெண் அக்காவுக்குப் படித்துக் காட்டிவிட்டாள்.

அக்கா தம்பிக்குப் போன் போட்டாள். அழவில்லை. “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி.”

“நீ வருத்தப்படுவேன்னுதான் அக்கா.”

“இப்ப ஊரே படிச்சப்புறம் மட்டும் சந்தோஷமா இருக்கேனா? போனை வை. நான் பார்த்துக்கறேன்.”

சாயங்காலம் வேலையிலிருந்து பொட்டலம் வந்தபோது, கூடம் நிறைய சோபா கிடக்க, அக்கா வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாள். மேலே வந்து உட்காரம்மா என்றான். “அது என் தம்பி கம்ப்ரசர். நான் உக்கார மாட்டேன்” என்றாள். சாப்பாட்டையும் தரையிலேயே வைத்தாள், அவனுக்கும் சேர்த்து. இரண்டு நாள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டான். மூன்றாம் நாள் சோபாவை விற்க ஆள் தேடினான். மொத்தமாக யாரும் வாங்கவில்லை. ஒரு துண்டு பல் டாக்டர் வீட்டுக்கு, ஒரு துண்டு முடிவெட்டும் கடைக்கு, மூலைத்துண்டு யாருக்கும் வேண்டாம். எப்படி வேண்டுமானாலும் பிரிக்கலாம் என்று அவன் பீற்றிக்கொண்டது அன்றைக்குத்தான் உதவியது. போதாத பணம் பேங்கில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதையும் எழுப்பினான்.

சம்பளத் தேதிகூட இல்லாத ஒரு நாள், மத்தியானம், டயர் கடைக்கு வந்தான். மீசை டிரைவர் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். இன்னும் ரெண்டு டிரைவர்கள் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்கள். அவனைக் கண்டதும் ஒருத்தரும் எழுந்து போகவில்லை.

“மாமா, தனியா…” என்றான்.

“அன்னிக்கு எல்லாப் பக்கத்துலயும் போட்டியே, தனியாவா போட்டே? இங்கேயே குடு.”

பொட்டலம் பையிலிருந்து ரூபாயை எடுத்தான். பேங்கில் கட்டின காகிதப் பட்டையோடு கட்டுக்கட்டாக இருந்தது. ஒரு கட்டை எடுத்து நீட்டி, வாயைத் திறந்தான். “தங்கள் பொறு…”

“வாயை மூடு.”

மூடினான்.

டயர்க்காரர் அந்தக் கட்டைத் தொடவில்லை. கிரீஸ் கையைச் சாக்கில் துடைத்தார். உள்ளங்கையை மேலே பார்க்க விரித்து அவன் முன்னால் நீட்டினார். “இழுத்து இழுத்து வைக்கிற வேலையெல்லாம் ஆபீஸோட. பட்டையக் கிழிச்சி, ஒவ்வொரு நோட்டா எண்ணி வை.”

“எண்ணித்தான் குடுத்தாங்க மாமா, பேங்குல…”

“பேங்குக்கா கடன் பட்டே?”

பொட்டலம் பட்டையைக் கிழித்தான். எண்ணிப் பழகாத விரல். ரெண்டு நோட்டு ஒட்டிக்கொண்டது, பிரிக்கத் தெரியாமல் ஊதினான். மீசை சிரிப்பை டீயோடு விழுங்கினார். விட்டுப்போச்சு, முதலிலிருந்து என்றார் டயர்க்காரர். மறுபடி ஆரம்பித்தான். இந்தத் தடவை உதடு அசைய எண்ணினான். கறுத்துக் காய்த்துப்போன அந்தக் கையில் நோட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. கனம் கூடியும் கை இறங்கவில்லை. கடைசிக் கட்டும் பிரிந்து தீர்ந்தது. அவன் கடைசி நோட்டை வைத்துவிட்டுக் கையை எடுக்கப் போனான். கணக்கில் ஒன்று குறைந்தது. டயர்க்காரர் கண்ணாலேயே பையைக் காட்டினார். அடியில் ஒரு நோட்டு மடிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் எடுத்து, நீவி, மேலே வைத்தான்.